பகலில் ஹெச்பி, இரவில் அடாரி: வாஸ்னியாக்கின் சைடு வேலைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முழுநேர வேலையில் இருந்துகொண்டே வெளியில் டிசைன், ஐடி வேலை எடுத்துச் செய்வது பற்றி யாராவது கேட்டால், பேச்சு உடனே நேரத்தைப் பற்றிப் போய்விடும். காலையில் எத்தனை மணிக்கு எழுவது, சனி ஞாயிறில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எந்தத் தளத்தில் ப்ரொஃபைல் போடுவது. இதெல்லாம் தேவைதான். ஆனால் நேரப் பற்றாக்குறையால் மூழ்கிப்போன சைடு வேலையைவிட, பேசி எழுதி வைக்காததால் மூழ்கிப்போனவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. செய்த வேலை யாருக்குச் சொந்தம், அதற்கு யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தொடக்கத்திலேயே எழுத்தில் பதில் இருந்தால் மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம்.

இதைப் பார்க்க ஸ்டீவ் வாஸ்னியாக்கைப் போலப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவர் என்றுதான் அவரை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முன் அவர் ஹெச்பி (ஹியூலெட்-பேக்கர்ட்) என்ற மின்னணு நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். 1973 முதல் 1977 வரையிலான அந்தக் காலத்தில் அவர் இரவில் செய்த வெளிவேலைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்றுக்கு எந்த எழுத்தும் இல்லை. இன்னொன்றுக்கு இருந்தது. ஆள் ஒருவர், ஊர் ஒன்று, இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை, கூட்டாளியும் ஒருவரே, பின்னால் அவரோடு ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்!

அவர் மேதை என்பதை இந்த ஆய்வில் ஓரமாக வைத்துவிடுகிறேன். மேதைமையை யாரும் பார்த்து எழுத முடியாது. ஏற்பாடுகளைப் பார்த்து எழுதலாம்.

பகல் வேலை

கலிஃபோர்னியாவில் ஹெச்பியின் கால்குலேட்டர் பிரிவு அப்போது பொறியாளர்களுக்குக் கனவு இடம். 1972-இல் வந்த ஹெச்பி-35 என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டரை 395 டாலருக்கு விற்றார்கள். பொறியாளர்களின் பையில் இருந்த ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கோலை ஒழித்துக்கட்டிய சாதனம் அது. வாஸ்னியாக் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1973-இல் அங்கே சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் ஹெச்பியில் பொறியாளராகவே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. மேலாளர் ஆகவேண்டும், முதலாளி ஆகவேண்டும் என்ற எண்ணமே இல்லை.

சைடு வேலை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேலையை வெறுப்பவரைத்தான் கற்பனை செய்கிறார்கள்: ஆபீஸில் மனசு ஒட்டவில்லை, அதனால் வெளியே வழி தேடுகிறார் என்று. வாஸ்னியாக் வேலையை நேசித்தவர். ஹெச்பியும் தாராளமாகவே நடந்துகொண்டது. பொறியாளர்கள் மாலையில் ஆய்வகத்தில் இருந்துகொண்டு சொந்த முயற்சிகளைச் செய்து பார்க்கலாம், மேலாளர் சரி சொன்னால் சில உதிரிபாகங்களையும் எடுத்துக்கொள்ளலாம். மாலை வீட்டுக்குப் போய் டிவி பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, மறுபடி அதே அலுவலக மேசைக்கே வந்து உட்கார்ந்து சொந்த வேலையைப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

இந்தத் தாராளம்தான் பின்னால் பெரிய சட்டக் கேள்வியாக முளைத்தது. அதற்கு வருவோம்.

முதல் வேலை: நான்கு ராத்திரிகள்

1975. ஜாப்ஸ் அப்போது லாஸ் கேட்டாஸில் இருந்த அடாரி வீடியோ கேம் நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட். வாஸ்னியாக் இரவில் அங்கே போய்க் கார் பந்தய விளையாட்டைக் காசு போடாமல் விளையாடுவார். அடாரி நிறுவனர் நோலன் புஷ்னெல், ஒற்றை ஆள் ஆடக்கூடிய, பந்தை அடித்துச் செங்கல் சுவரை உடைக்கும் விளையாட்டு ஒன்று வேண்டும் என்றார். ப்ரேக்கவுட் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்து விளையாட்டுகளில் மென்பொருள் கிடையாது. எல்லாம் சிப்புகளைக் கோர்த்துச் செய்த மின்சுற்று. ஒரு விளையாட்டுக்கு நூற்றைம்பது சிப் வரை ஆகும். ஒவ்வொரு சிப்பும் காசு. அதனால் சிப் எண்ணிக்கையைக் குறைத்தால் போனஸ் என்று அடாரி அறிவித்திருந்தது.

வேலை ஜாப்ஸிடம் வந்தது. ஜாப்ஸ் அதை வாஸ்னியாக்கிடம் கொண்டுபோனார். நான்கே நாளில் முடிக்க வேண்டும், கிடைப்பதில் பாதி உனக்கு என்றார். வாஸ்னியாக் பகலில் ஹெச்பியில் கால்குலேட்டர் வேலை, இரவில் அடாரியில் ப்ரேக்கவுட் என்று ஓடினார். இவர் காகிதத்தில் வரைந்து கொடுப்பார், ஜாப்ஸ் அதைக் கம்பி சுற்றிக் கோர்த்து, ஓடுகிறதா என்று சோதிப்பார். நான்கு இரவுகளில் முடிந்தது. சிப் எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே வந்துவிட்டது. உடம்பு கெட்டுப்போய் இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள்.

பணம் 700 டாலர், உன் பங்கு 350 என்று சொல்லி ஜாப்ஸ் கொடுத்தார். வாஸ்னியாக்கும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். போனஸாக மட்டும் 5,000 டாலர் அளவுக்கு வந்திருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கிடைத்ததில் பாதியைக் கொடுத்துவிட்டதாகவே ஜாப்ஸ் கடைசிவரை சொன்னார். பணம் முக்கியமில்லை, கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன் என்ற பொருளில் வாஸ்னியாக் பேசியிருக்கிறார். வருத்தம் மட்டும் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஜாப்ஸ் ஏமாற்றினாரா இல்லையா என்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். வேலை செய்தவருக்கும் வேலை கொடுத்தவருக்கும் நடுவே நேரடித் தொடர்பே இல்லாமல் இருந்ததைத்தான் பார்க்க வேண்டும். வாஸ்னியாக் துணை ஒப்பந்தக்காரர். அவர் கண்ணில் பட்டது ஜாப்ஸ் சொன்ன தொகை மட்டும். அடாரி கொடுத்த கடிதமோ பில்லோ போனஸ் கணக்கோ அவர் கைக்கு வரவில்லை, அவர் கேட்கவும் இல்லை. இன்றும் சென்னையிலும் கோவையிலும் பாதி ஃப்ரீலான்ஸ் வேலை இப்படித்தான் நடக்கிறது. ஒரு நண்பர் கிளையன்டைப் பிடிப்பார். லோகோ உனக்கு, வெப்சைட் எனக்கு, வந்ததைப் பிரித்துக்கொள்வோம் என்பார். கிளையன்டுக்குப் போன கொட்டேஷனில் என்ன தொகை இருந்தது என்று டிசைனருக்குத் தெரியாது. கேட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்ற கூச்சம் வேறு.

நான்கு நாள் கெடு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜாப்ஸ் ஆரிகனில் ஒரு பண்ணைக்குப் போக வேண்டியிருந்தது, அதனால்தான் அந்த அவசரம், அடாரி அப்படி ஒன்றும் கெடு வைக்கவில்லை என்று வாஸ்னியாக் பின்னால் சொன்னார். நடுவில் ஆள் இருந்தால் கெடுவும் அவருடைய வசதிப்படி மாறிவிடும்.

இன்னொரு விஷயம் பணத்தைவிட எனக்குச் சுவாரசியமானது. வாஸ்னியாக்கின் வடிவமைப்பை அடாரியால் அப்படியே உற்பத்திக்குக் கொண்டுபோக முடியவில்லை. சிப்புகளைக் குறைப்பதற்காக அவர் செய்த நுணுக்கங்கள் அங்கிருந்த பொறியாளர்களுக்குப் பிடிபடவே இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். கடைசியில் அடாரி தன் ஆட்களை வைத்து அதை மறுபடி வடிவமைத்து, அதிக சிப்புகளோடுதான் 1976-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பொறியாளரின் கண்ணுக்கு அற்புதமாகத் தெரிந்தது, கிளையன்டின் தொழிற்சாலைக்குப் பயன்படவில்லை.

இரவில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆபீஸில் நீ எழுதிய புரோகிராம் கோடை நாலு பேர் பார்ப்பார்கள், புரியாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். வெளிவேலையில் அந்த வடிகட்டி இல்லை. யாராலும் பராமரிக்க முடியாத தீம், எடிட் பண்ண முடியாத ஃபைல், பெயர் வைக்காத லேயர்கள் நூறு. கிளையன்ட் அடுத்த மாதம் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டும் என்றாலும் உன்னைத்தான் கூப்பிட வேண்டும். நீ அப்போது ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாய். சைடு வேலை செய்பவர் மற்றவர்களைவிட எளிமையாக, விளக்கமாகக் கட்ட வேண்டிய காரணம் இதுதான்: கூப்பிட்ட நேரத்துக்குப் போக முடியாதவர் அவர்.

இரண்டாவது வேலை: கேட்டு வாங்கிய கடிதம்

1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கராஜில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம் நடந்தது. வாஸ்னியாக் போனார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டலாம் என்ற எண்ணம் அன்றே பிறந்தது. அந்த ஆண்டு ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு, விசைப்பலகையில் தட்டிய எழுத்து திரையில் வந்தது. அதுதான் பின்னால் ஆப்பிள்-1 ஆனது.

தொடக்கத்தில் அவர் அதை விற்க நினைக்கவே இல்லை. வரைபடத்தைப் பிரதி எடுத்து கிளப்பில் இலவசமாகக் கொடுத்தார். ஜாப்ஸ்தான் வேறு கணக்குப் போட்டார்: சர்க்யூட் போர்டை மட்டும் 20 டாலருக்குச் செய்து 40 டாலருக்கு விற்போம்.

விற்பனை என்றதும் வாஸ்னியாக் நின்றார். ஹெச்பி ஊழியராக இருக்கும்போது, ஹெச்பி மேசையில் உட்கார்ந்து, ஹெச்பி செய்யக்கூடிய ஒரு பொருளை வடிவமைத்திருக்கிறார். அது தன்னுடையதா, நிறுவனத்துடையதா? ஜாப்ஸுக்கு இந்தத் தயக்கம் எரிச்சலாக இருந்தது. வாஸ்னியாக் நேராக மேலாளர்களிடம் போய்ப் பொருளைக் காட்டி, இதை நாம் செய்வோமா என்று கேட்டார். அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டு டிவியோடு இணைக்கும் ஒரு மலிவுக் கம்ப்யூட்டர் ஹெச்பியின் போக்குக்கு ஒத்துவரவில்லை. வாடிக்கையாளரின் டிவி சரியில்லை என்றாலும் பழி ஹெச்பி மேல்தானே வரும்? வேண்டாம் என்றார்கள். ஐந்து முறை மறுத்தார்கள் என்று வாஸ்னியாக் சொல்வார். நிறுவனத்தின் சட்டப் பிரிவு மற்றப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, யாருக்கும் ஆர்வம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இந்த வடிவமைப்பில் ஹெச்பிக்கு உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தது.

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஆப்பிள் பெரிதானதும் ஹெச்பி வழக்குப் போட்டிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. கலிஃபோர்னியா 1979-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொந்த நேரத்தில், சொந்தக் கருவிகளைக் கொண்டு ஊழியர் கண்டுபிடித்தது ஊழியருக்கே என்கிறது அது. வாஸ்னியாக்குக்கு அது மூன்றாண்டு தாமதம். முன்பே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஏனென்றால் முதலாளியின் தொழிலோடு தொடர்புடைய கண்டுபிடிப்புக்கு அந்தச் சட்டம் விலக்கு தருவதில்லை. ஆய்வகமும் ஹெச்பியுடையது. ஆக அவரிடம் இருந்த ஒரே பாதுகாப்பு, தானாகப் போய்க் கேட்டு வாங்கிய அந்தக் காகிதம்.

எழுத்து அத்தோடு நிற்கவில்லை. 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் ஒரு கூட்டு நிறுவனமாகத் தொடங்கியபோது, அடாரியில் வேலை பார்த்த ரொனால்ட் வேய்ன் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜாப்ஸுக்கும் வாஸ்னியாக்குக்கும் தலா 45 சதவீதம், வேய்னுக்கு 10. மின்பொறியியலின் முதன்மைப் பொறுப்பு வாஸ்னியாக்குக்கு, சந்தைப்படுத்தல் ஜாப்ஸுக்கு, ஆவணங்களும் இயந்திரப் பொறியியலும் வேய்னுக்கு. நூறு டாலருக்கு மேல் செலவு செய்ய வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கச் சொச்சம் உள்ள இந்த ஒப்பந்தம் 2011-இல் ஏலத்தில் சுமார் 16 லட்சம் டாலருக்குப் போனது. அதை விடுங்கள். ப்ரேக்கவுட்டில் 'பாதி உனக்கு' என்ற வாய்ப்பேச்சோடு போனவர்கள், மறு ஆண்டில் நூறு டாலர் செலவுக்குக்கூட விதி வைத்துக்கொண்டதைத்தான் நான் கவனிக்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் வாஸ்னியாக் இன்னொரு சிக்கலையும் எழுப்பினார். தன் சுற்று வடிவமைப்புகளை ஹெச்பி வேலையிலும் பயன்படுத்தும் உரிமை தனக்கு வேண்டும் என்றார். கூட்டு நிறுவனத்தின் உயிரே அந்த வடிவமைப்புதான், அது நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்று வேய்ன் உட்கார வைத்துப் பேசித்தான் ஒத்துக்கொள்ள வைத்தார். ஒரே மூளை இரண்டு இடத்துக்கு வேலை செய்யும்போது எழும் கேள்வி இது. ஆபீஸில் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் ஃபங்ஷனைச் சனிக்கிழமை கிளையன்ட் வேலையில் ஒட்டிவிடும் பையனுக்கும் இதே கேள்விதான்.

பன்னிரண்டு நாளில் வேய்ன் விலகிவிட்டார். 800 டாலர் வாங்கிக்கொண்டு போனார். உலகத்தின் மிகப் பெரிய முட்டாள்தனம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மவுன்டன் வியூவில் இருந்த பைட் ஷாப் என்ற கடை, ஒன்று 500 டாலர் வீதம் ஐம்பது கம்ப்யூட்டர் கேட்டிருந்தது. போர்டாக வேண்டாம், முழுதாகப் பொருத்தித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஜாப்ஸ் உதிரிபாகங்களை முப்பது நாள் கடனில் வாங்கினார். கடை பணம் தராமல் போயிருந்தால் கடன்காரர்கள் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தைத் தேடி வருவார்கள். ஜாப்ஸிடமும் வாஸ்னியாக்கிடமும் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருவர் வேனை விற்றிருந்தார், மற்றவர் தன் ஹெச்பி-65 கால்குலேட்டரை விற்றிருந்தார். வேய்னிடம் சேமிப்பு இருந்தது. சொத்து உள்ள ஒரே ஆள் அவர்தான், ஆகவே கடன் அவர் தலையில்தான் விழும். அவர் கணக்கு அன்றைய தேதிக்குச் சரியான கணக்குதான். நம் ஊரில் தனிநபராக ஃப்ரீலான்ஸ் செய்கிறவருக்கும் கூட்டு நிறுவனம் வைத்தவருக்கும் இதே நிலைமைதான் என்பதால் சொல்கிறேன்.

வேலையை விட்டது

ஆப்பிள் தொடங்கிய பிறகும் வாஸ்னியாக் ஹெச்பியிலேயே இருந்தார். ஆப்பிள்-1 விற்றார்கள், ஆப்பிள்-2 வடிவமைப்பு முடிந்தது, அப்போதும் காலையில் ஹெச்பிக்குத்தான் போனார். இன்டெல்லில் இருந்து விலகிய மைக் மார்க்குலா இரண்டரை லட்சம் டாலர் போட முன்வந்து ஒரு நிபந்தனை வைத்தார்: வாஸ்னியாக் ஹெச்பியை விட வேண்டும். அவர் யோசித்துவிட்டு முடியாது என்றே சொன்னார். இரண்டையும் இத்தனை நாள் செய்ய முடிந்ததே, இப்போது மட்டும் ஏன் முடியாது என்பது அவர் வாதம். வாஸ்னியாக்கிடம் பேசச் சொல்லி அவருடைய உறவினர்களிடமும் நண்பர்களிடமும் ஜாப்ஸ் போனார். கடைசியில் ஆலன் பாம் என்ற நண்பர் பேசிய பேச்சுதான் மனத்தை மாற்றியது: ஆப்பிளுக்குப் போனாலும் நீ பொறியாளராகவே இருக்கலாம், மேலாளர் ஆக வேண்டியதில்லை. பணத்தைக் காட்டி யாராலும் அசைக்க முடியாதவர் இந்த ஒரு வாக்கியத்தில் அசைந்தார். 1977 ஜனவரி 3 அன்று ஆப்பிள் கம்பெனியாகப் பதிவானது.

எப்போது வேலையை விடுவது என்பதற்கு ஆறு மாதச் செலவுப் பணம், சம்பளத்துக்குச் சமமான வருமானம் என்று பல சூத்திரங்கள் சொல்லப்படுகின்றன. வாஸ்னியாக் கதையில் சூத்திரம் எதுவும் கிடைக்காது. வெளியே மூலதனம் உறுதியான பிறகே அவர் நகர்ந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

2022-இல் இங்கே நடந்தது

இந்திய ஐடி துறையில் மூன்லைட்டிங், அதாவது வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை செய்வது, என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது 2022 ஆகஸ்ட்–செப்டம்பரில். ஸ்விகி, ஊழியர்கள் அனுமதியோடு வெளிவேலை செய்யலாம் என்று கொள்கை அறிவித்தது. விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, இது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதம், போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை பார்த்த 300 பேரைக் கண்டுபிடித்து நீக்கியதாகச் சொன்னார். இன்ஃபோசிஸ் செப்டம்பரில் இரட்டை வாழ்க்கை கூடாது என்று ஊழியர்களுக்குக் கடுமையான மின்னஞ்சல் அனுப்பியது. அக்டோபரில் அதே இன்ஃபோசிஸ், மேலாளரும் ஹெச்ஆரும் முன்கூட்டி அனுமதித்தால், நிறுவனத்தோடும் அதன் வாடிக்கையாளர்களோடும் போட்டியிடாத வேலைகளைச் சொந்த நேரத்தில் செய்யலாம் என்று வழியைத் திறந்தது.

வாக்குவாதத்தில் எல்லோரும் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் இருப்பது ஒன்று. அதில் யூஏஎன் என்ற ஒரே பிஎஃப் அடையாள எண்ணில் இரண்டு இடத்துப் பிஎஃப் விழும், மாட்டிக்கொள்வது நிச்சயம். சனிக்கிழமை ஒரு பல் மருத்துவருக்கு வெப்சைட் கட்டிக் கொடுப்பது வேறு. அதில் பிஎஃப் கிடையாது, போட்டியும் கிடையாது. ஆனால் ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் பார்த்தால், 'வேறு எந்தத் தொழிலிலும், ஊதியத்தோடோ ஊதியமில்லாமலோ ஈடுபடக் கூடாது' என்று இரண்டையும் ஒரே வரியில் அடைத்திருப்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியவர்கள் அப்போது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைக் காட்டினார்கள். அது ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் பொதுவாக ஆஃபர் லெட்டர்தான் சட்டம்.

பதிப்புரிமையிலும் இதே மாதிரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதிய புரோகிராம் கோடின் முதல் உரிமையாளர் நிறுவனம்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஃப்ரீலான்ஸராக நீ எழுதிய கோடுக்கு முதல் உரிமையாளர் நீ. இது நல்ல செய்தி மாதிரித் தெரியும், கிளையன்டுக்குத் தலைவலி. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உன் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூர் கிளையன்டுக்கு வேலை செய்துவிட்டு 'எல்லா உரிமையும் தருகிறேன்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால், அவருக்குச் சிங்கப்பூரில் எதுவும் கிடைக்காத விசித்திரமான நிலை வரலாம். காலமும் எல்லையும் எழுதுங்கள், 'முழுப் பணமும் வந்த பிறகு' என்ற வார்த்தையையும் சேர்த்து. பணம் வராத லோகோவை கிளையன்ட் போர்டில் மாட்டிக்கொள்வதைத் தடுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்களில் வேலை எடுத்தால் இந்த இரண்டாவது எழுத்து, அதாவது கிளையன்டோடு போடும் ஒப்பந்தம், தயாராகவே கிடைக்கிறது. பணமும் பெரும்பாலும் முன்னாலேயே தளத்திடம் வந்துவிடும். ஃபைவர் அதற்கு உங்கள் பங்கிலிருந்து 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, ரொம்ப அதிகம் என்பார்கள். வாஸ்னியாக்குக்கு ப்ரேக்கவுட்டில் பிடித்தம் போன சதவீதத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். முதல் எழுத்தை, அதாவது ஆபீஸ் தரவேண்டியதை, எந்தத் தளமும் வாங்கித் தராது.

உள்ளூர் கிளையன்ட் இழுத்தடிப்பதற்கும் ஒரு மருந்து உண்டு. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை பான், ஆதாரை வைத்து இலவசமாகச் செய்துகொள்ளலாம், தனிநபர் சேவைத் தொழிலுக்கும் கிடைக்கும். பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வழக்குவரை போக வேண்டியதே இல்லை, பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே கிளையன்டின் ஆடிட்டர் கவனிப்பார். ஏனென்றால் காலத்தில் தராமல் ஆண்டு முடிந்தும் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர்களால் காட்ட முடியாது.

வரி பற்றிச் சுருக்கமாக. தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற அனுமான வரித் திட்டம் இருக்கிறது. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று எல்லோரும் அறிந்தது. சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும், முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பொதுவாகச் சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான், அதில் சம்பளம் சேராது. கிளையன்ட் உங்கள் பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரிப் பிடித்தம், செய்தால் அது 26ஏஎஸ் என்று எல்லோரும் அறிந்த உங்கள் வரிக் கணக்குப் படிவத்தில் தெரியும். அலுவலகம் அதைத் தானாகப் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் அதே படிவத்தைக் கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன. மறைத்துச் செய்த சைடு வேலை இரண்டு வருடம் கழித்து வேறு ஹெச்ஆர் மேசையில் வெளிப்படுவது இப்படித்தான்.

ஹெச்பி மாதிரி எல்லா ஆபீஸும் எழுதிக் கொடுத்துவிடாது என்பது உண்மை. கேட்டதே தப்பு என்று முகத்தைச் சுளிக்கும் மேலாளர்களும் உண்டு. கேட்கும் விதத்தில் பாதி காரியம் இருக்கிறது. 'ஃப்ரீலான்ஸ் செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்டால் முடியாது என்பதுதான் எளிதான பதில். வாஸ்னியாக் பொதுவாகக் கேட்கவில்லை, ஒரு குறிப்பிட்ட பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இதில் உங்களுக்கு ஆர்வம் உண்டா என்று கேட்டார். அதே மாதிரி ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: கிளையன்ட் என்ன தொழில் செய்கிறார், நீங்கள் செய்யப்போவது என்ன, அது நம் கம்பெனி வாடிக்கையாளர் யாருக்கும் போட்டி இல்லை, ஆபீஸ் லேப்டாப்பும் லைசென்ஸும் தொடப்பட மாட்டாது, வேலை நேரத்துக்கு வெளியே மட்டும், இத்தனை மாதத்தில் முடியும். மேலாளரிடம் வாயால் கேட்டுச் சரி வாங்கினால், அன்று மாலையே 'இன்று பேசியபடி' என்று தொடங்கி ஹெச்ஆரையும் சேர்த்து எழுத்தில் போட்டுவிடுங்கள். அந்த மின்னஞ்சலின் பிரதி ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை, வேலையை விடும் நாளில் அந்தப் பெட்டி மூடப்பட்டுவிடும். ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். பதில் வரும்வரை கிளையன்டிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.